மிரர் மாஸ்டரும் என் லத்தீனும்

வாகன ஓட்டிகளின் ஒழுக்கக்கேட்டைக் கண்டித்து இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் என்னிடம் லைசென்ஸ் கிடையாது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு முறை கார் டெஸ்டுக்குப் போய், இரண்டு முறையும் தோற்றவன் நான். எங்கள் காரை ஓட்டுவது என் மனைவி. பக்கத்து சீட்டில் இருந்து குற்றம் சொல்வது நான். மூன்றாவது முறையும் தோற்றால் பின் சீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தென்காசியில் முன்னால் பார்க்காமலே வண்டி ஓட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டிரைவிங் ஸ்கூல் மிரர் மாஸ்டர்தான். புளியறை மலைப்பாதையில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். உலகத்து ஆபத்தெல்லாம் பின்னாலிருந்துதான் வருகிறது என்பது அவர் கட்சி. ஸ்கூல் காரில் ஐந்து கண்ணாடிகள் மாட்டியிருந்தார். அதில் ஒன்று சாலையைக் காட்டாது. ஓட்டுகிறவர் மற்ற நான்கையும் பார்க்கிறாரா என்று மாஸ்டருக்குக் காட்டும். ஏறி உட்கார்ந்தால் சலூனுக்கு வந்துவிட்டது போலிருக்கும். பழக்கதோஷத்தில் நான் ஒருமுறை சீப்பை எடுத்ததும் உண்டு.

எத்தனை கத்தியும் ஒருவரும் மிரரைப் பார்ப்பதில்லை என்று அவர் ஒருநாள் வருத்தப்பட்டார். அப்போதுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். மிரர் என்ற சொல்லின் பூர்வீகத்தை விளக்கினேன். 'வியந்து பார்' என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சுக்காரர்கள் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த சொல் அது. 'மிராக்கிள்' அதன் உடன்பிறப்பு. வீட்டில் இதைச் சொன்னால் குக்கர் விசிலுக்குத்தான் காது கொடுப்பார்கள். மாஸ்டரோ இலஞ்சிக்குப் பிரியும் விலக்கில், பின்னால் ஒரு டவுன் பஸ் அலற அலற, வண்டியை அணைக்கச் சொன்னார்.

"அப்பம் சும்மா பாக்கக் கூடாது. அசந்துபோய்ப் பாக்கணும். அப்படித்தான சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"இத மொதல்லயே சொல்லப்படாதா? எத்தன பேர சும்மா பாக்கவிட்டு அனுப்பிட்டேன்."

மறுநாள் முதல் பாடத்திட்டம் மாறியது. கண்ணாடியைப் பார்த்ததும் "ஆஹா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதைக் கண்டு வியந்தோம் என்றும் சொல்ல வேண்டும். துபாய் போகும் அவசரத்தில் இருந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் "ஆஹா, தண்ணி லாரி" என்று சொல்லியே தப்பித்துக்கொண்டார். நான் "ஆஹா, பஸ்" என்றேன். மாஸ்டருக்குப் போதவில்லை.

"வெறும் பஸ்தானா? பொஸ்தகமெல்லாம் படிச்சவியதான நீங்க?"

தன்மானத்தைச் சுட்டது. குற்றாலத்துக்கு முதுகைக் காட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். கையகலக் கண்ணாடிக்குள் மலை முழுவதும் இறங்கியிருந்தது. உச்சியில் மேகம், நடுவில் வெள்ளைக் கோடாக அருவி. வர்ணித்தேன். வர்ணனை சாரலுக்கு வந்தபோது மாஸ்டர் தன் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்தார். பம்பருக்கு ஒரு சாண் முன்னால் மங்குஸ்தான் தள்ளுவண்டி, அதைப் பிடித்தபடி விறைத்து நின்ற வியாபாரி.

"நாம அசந்தது போதும் சார். அங்கன அவரு அசந்துட்டாரு."

மூன்றாவது டெஸ்டன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நேராக ஓட்டிக் காட்டினேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். முந்தைய இரண்டு முறையும் நான் மண்ணைக் கவ்விய இடம் அது. கியரைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஆஹா" என்றேன்.

"என்ன ஆஹா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாஸ்டர், சார்."

வண்டிக்கு நேர் பின்னால், நாலடி தூரத்தில், கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி நின்றுகொண்டிருந்தார். ஊரையே பின்னால் பார்க்கச் சொன்ன மனிதர், நான் பின்னால்தான் வரப்போகிறேன் என்பதை மறந்துவிட்டார். பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஹாரன் அடித்தேன். நகரவில்லை, வேண்டுதல் பாக்கி இருந்தது போலும். இன்ஸ்பெக்டரே இறங்கிப்போய்த் தோளைத் தட்டி அவரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். அதன் பிறகு நான் எடுத்த கோணல் ரிவர்ஸை அவர் பெரிதுபடுத்தவில்லை.

"பின்னால பாத்து வண்டிய நிறுத்துன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

எனக்காக அப்படிக் கண்ணை மூடி நின்றவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. மனைவிகூட அன்று காலை நெற்றியில் திருநீறு பூசியதோடு நிறுத்திக்கொண்டாள். மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக இவ்வளவு உருகி வேண்டினீர்களே என்றேன்.

"ஒங்களுக்கா?" என்றார் மாஸ்டர். "வண்டிக்கில்லா வேண்டுனேன். போன வாரந்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு."