சத்தமே போடாத மோட்டார்

டிசம்பரில் வரும் புனித நிக்கோலா நாள் விருந்தில், மீன் சூப் பரிமாறும் நேரம் பார்த்து கரண்ட் போனது. மாடியில் பன்னிரண்டு விருந்தாளிகள். நிலவறையில் விறகு பாய்லர், வயிறு நிறைய எரியும் கட்டைகளோடு. வெந்நீரை மாடிக்குத் தள்ளும் மோட்டார் நின்றால் பாய்லர் வெடித்துவிடும் என்று அதை விற்ற கடைக்காரன் வீட்டுக்காரர் வீத்தோமிரைப் பயமுறுத்தியிருந்தான்.

அந்த மோட்டார் மேல் அவருக்கு உயிர். "காத வெச்சுக் கேளு, ஓடுற சத்தமே கேக்காது!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அதைத் தட்டிக்கொடுத்துக் காட்டுவார்.

விருந்து மேஜை மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினார்.

"ஏங்க! புனிதருக்கு ஏத்தினது, எடத்த விட்டு எடுக்கக் கூடாது!" என்று அலறினாள் மனைவி தேசாங்கா.

"வீடு மிஞ்சினாத்தான்டி புனிதர் வருவாரு!"

பாய்லரின் சூடு காட்டும் முள் எழுபது டிகிரியில் இருந்தது. கட்டைகளை வெளியே இழுத்துவிடலாம் என்று கதவைத் திறந்தார். காற்று புகுந்து நெருப்பு குபீரென்று எழுந்தது. பாதிப் புருவம் போயிற்று. முள் எண்பத்திரண்டு.

கதவைச் சாத்தினார். மாடியில் இருப்பவர்களாவது பிழைக்கட்டும் என்று மேலே போகும் குழாயின் வால்வை இறுக மூடினார். தொண்ணூற்று நான்கு.

"எல்லாரும் வெளிய ஓடுங்க!"

"பனியிலயா? இன்னும் பொரிச்ச மீனே வரலியே!" என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.

வேறு வழி தெரியாமல் வால்வை மறுபடி திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

வெடிக்கவில்லை. குழாய் டிக் டிக் என்றது. தொட்டுப் பார்த்தார். சாய்வாக மேலே ஏறும் அந்தத் தடிக் குழாய் சுட்டது. திரும்பி வரும் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. தள்ள ஆளே இல்லாமல் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஆறிய தண்ணீர் தானாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. முள் மெல்லச் சரிந்தது: எண்பத்தெட்டு, எண்பது, எழுபத்திரண்டு.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வயதில் இப்படியொன்றைப் பார்த்ததில்லை. அப்படியே மண்டியிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"தேசாங்கா! கரண்ட் இல்லாம தண்ணி மாடி ஏறுதுடி! புனிதரே வந்து தள்ளுறாரு!"

விருந்தாளிகள் படியில் திரண்டார்கள். தேசாங்கா குழாயைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மிலுன் மட்டும் கையில் சாராயக் கோப்பையோடு நெளிந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே... ப்ளம் சாராயம் காய்ச்சயில குளுந்த தண்ணி ஓட்டணும்னு உங்க மோட்டார செப்டம்பர்லயே கழட்டிட்டுப் போயிட்டேன். நீங்க தெனம் தட்டிக்குடுக்கறது, நான் மாட்டி வெச்ச வெறுங்கூடு."