அடுப்பை எட்டு முழம் நகர்த்திய செலவு

படித்தவன் முட்டாள்தனம் செய்தால் காரணங்களோடு செய்வான். நான் வேதியியல் பட்டதாரி, பள்ளிக்கூட வாத்தியார். எழுபதுகளில், கோடை விடுமுறை தொடங்கிய ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க என் அண்ணனைக் கொல்லப் பார்த்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவின் முதல் கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பொருத்த வந்தவர் அதைப் பின்கட்டுச் சமையலறையில் வைத்துவிட்டார். அங்கே இருந்தால் தெருவுக்கு எப்படித் தெரியும்? (அடுப்பு சமைப்பதற்கு என்று என் மனைவி கமலா நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.) அண்ணன் தறி நெய்கிற முன்கூடத்துக்கு மாற்ற அவரையே மறுபடி கூப்பிட்டேன்.

“மாத்த பன்னெண்டு ரூபா ஆவும் சார். ஆனா இங்க வேணாம். தறிக்குழி இருக்குது. கேஸ் காத்தவிட கனம். கசிஞ்சா குழியில போய் உக்காந்துக்கும்.”

“எனக்கே பாடமா? நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்பா.”

“அப்ப உங்களுக்கே தெரியும் சார்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானே மாற்றினேன். வாங்கிவந்த நீளக் குழாய்க்கு ஒரு கிளிப் சேரவில்லை. பட்டு நெய்கிற வீட்டில் கட்டுவதற்கா பஞ்சம்? முறுக்கிய பட்டு நூலை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மாலையில் தெருவே வேடிக்கை பார்க்க, நின்றபடியே காபி போட்டேன். அந்தப் பெருமையில் சிலிண்டரை மூட மறந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் தறிக்குக் கற்பூரம் காட்டாமல் அண்ணன் குழியில் இறங்கமாட்டார். மூக்குப்பொடி போட்டுப் போட்டு வாசனை மறந்த மூக்கு அவருக்கு. எரிகிற கற்பூரத் தட்டோடு பூஜையறையிலிருந்து வந்தார். நான் கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். கொல்லை வழியாகத் தண்ணீருக்குப் போய், குடத்தோடு வாசலில் நுழைந்த கமலாவுக்குத்தான் நாற்றம் தெரிந்தது.

“மாமா, நில்லுங்க.”

அடுத்த வார்த்தை பேசாமல் குடத்தை அவர்மேல் கவிழ்த்தாள். கற்பூரம் அணைந்தது. சிலிண்டரை மூடினாள். சன்னல்களைத் திறந்தாள். மிச்சத் தண்ணீர் தறியில் நீளவாட்டில் ஏற்றியிருந்த பாவு நூலின்மேல் ஓடியது.

“அபிஷேகம் சாமிக்காமா, எனக்கா?” என்றார் அண்ணன், சொட்டச் சொட்ட. கமலா என் முடிச்சைக் காட்டினாள். அதற்குள் நான் ஓடிவந்திருந்தேன்.

“கட்டு நல்லாத்தான் கட்டிக்கிற வாத்தியாரே. நூலுக்கு நடுவுல காத்து போவும்னு காலேஜ்ல சொல்லித் தரலியா?” என்று அண்ணன் கேட்டார்.

பாதிச் சவரத்தோடு நின்று அழுதேன்.

தறியில் இருந்தது கல்யாணச் சேலை. முகூர்த்தத்துக்கு ஆறு வாரம்கூட இல்லை. கஞ்சிப் பசை போன பாவு ஒட்டிக்கொண்டு இழை இழையாக அறுந்தது. உடலையும் கரையையும் இணைக்கிற கோர்வைக்கு, தறியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாக்கட்டையை வீசவேண்டும். வழக்கமாக வருகிறவர், “கேஸ் குழிகிட்ட நான் வர்லபா” என்று ஐயம்பேட்டைக்கே போய்விட்டார்.

“உக்காருடா” என்றார் அண்ணன்.

உட்கார்ந்தேன். அறுந்த இழைகளை முடிந்தேன், நாடா வீசினேன், தப்பு வீசும்போதெல்லாம் தலையில் குட்டு வாங்கினேன். விடுமுறை தீர்ந்தது. சேலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் பெண் வீட்டில் இருந்தது. கரையைத் தடவிப் பார்த்து, “கோர்வைக்கு யாரு?” என்று கேட்டார்கள்.

“பி.எஸ்ஸி. படிச்ச ஆளு” என்றார் அண்ணன். என் பட்டத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை பிறகும் கிடைக்கவில்லை.

போன மாதம் மகன் சமையலறையை மாற்றிக் கட்டும்போது, கேஸ் லைனை நகர்த்த எவ்வளவு ஆகும் என்று பொதுவாகக் கேட்டான். கமலா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அப்பாவைக் கேளு. எட்டு முழத்துக்கு ஒரு முழு லீவு ஆச்சு.”