வெள்ளிக்கிழமையோடு நீக்கப்படும் பெயர்

மயிலாப்பூர்
வியாழன் மாலை

அடையாறு அத்திம்பேர் பத்ரிநாராயணன் அவர்களுக்கு,

பாச்சா அநேக நமஸ்காரம் செய்து எழுதியது. உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

எங்கள் தி.நகர் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் லைப்ரரி உண்டு, மற்ற கம்பெனிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தும் கட்டளைகளின் தொகுப்பு. பதினைந்து வருஷமாக ஆளாளுக்கு எழுதியதில், தகவலை எடுத்துவரும் ஒரே கட்டளைக்கு 'கெட்', 'ஃபெட்ச்', 'புல்' என்று மூன்று பெயர். எங்கள் டீம் தலைவி லாவண்யா, "ஒரு வேலைக்கு ஒரே பேர் சார். பழைய பேர்ல கூப்பிட்டா முதல்ல எச்சரிக்கை வரட்டும், வெள்ளிக்கிழமை தூக்கிடலாம்" என்றாள். அதற்கொரு புரோகிராம் எழுதினேன். சோதித்துப் பார்க்கப் பெயர்ப் பட்டியல் வேண்டுமே, என் புத்தி போன போக்கைப் பாருங்கள், நம் வீட்டு ஆட்களையே போட்டேன். நம் வீட்டில்தானே ஆளுக்கு இரண்டு பெயர்! 'பாச்சா' பழையது, 'வெங்கடரமணன்' புதியது. உங்களையும், கோடம்பாக்கம் சின்னக்காவின் வீட்டுக்காரர் சங்கரனையும் நான் ஒரே மாதிரி கூப்பிடுவதால் இருவரையும் 'அத்திம்பேர்' என்று போட்டேன். பட்டியலை அழிக்க மறந்து லைப்ரரியோடு சேர்த்தே வெளியிட்டும் விட்டேன்.

மறுநாள் காலை அம்மா சமையலறையிலிருந்து "பாச்சா" என்றாள். உடனே ரயில் நிலைய அறிவிப்புக் குரலில், "இந்தப் பெயர் வெள்ளிக்கிழமையோடு நீக்கப்படும்" என்றாள். அடுத்த மூச்சில், "மொளகாப்பொடி போறுமாடா?" என்ன சொன்னாய் என்று கேட்டால், "மொளகாப்பொடின்னேன், காது கேக்கலையா?" என்கிறாள். இஸ்திரிக்கார வலியுல்லாவும் அப்படியே: "இன்னா பாச்சா சார், இந்தப் பெயர் வெள்ளிக்கிழமையோடு நீக்கப்படும், சட்டை ரெடியா கீது." என் ஆத்துக்காரி ஒருத்திதான் தப்பித்தாள். அவளுக்கு நான் என்றைக்கும் வெறும் 'ஏன்னா'.

சிரிக்காதீர்கள் அத்திம்பேர், எனக்குப் பயமாக இருக்கிறது. வெங்கடரமணன் என்பது என் தாத்தா பெயர். அவரை 'மாமா' என்றே கூப்பிட்ட அம்மா, மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குப் பாச்சா என்று வைத்தாள். அதுவும் போய்விட்டால் ஐம்பத்திரண்டு வயதில் அம்மா என்னைக் கூப்பிட ஒரு பெயர் கிடையாது. லாவண்யாவிடம் அழாத குறையாகக் கேட்டேன். "வெளிய விட்டாச்சே சார். ஒண்ணு வேணா, பழைய பேரை யாராவது நூறு தடவை கூப்பிட்டிருந்தா அதைத் தூக்க மாட்டோம்" என்றாள். தெருமுனையிலிருந்தே பாச்சா, பாச்சா என்று கத்திக்கொண்டு வருபவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். போனில் உங்களுக்குக் காது கேட்காது என்பதால் இதை வலியுல்லாவிடம் கொடுத்தனுப்புகிறேன். விடிவதற்குள் ஆட்டோ பிடித்து வந்து, ஒரு நூறு முறை கூப்பிட்டுவிட்டுப் போங்கள். காபி தருகிறேன்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இன்றுவரை தங்கள்
பாச்சா

பி.கு.: வெள்ளி காலை. கடிதம் திரும்பி வந்துவிட்டது. "அந்த வூட்ல முப்பது வருசமா சங்கரன்னு ஒருத்தர்தான் கீறாராம் சார். பத்ரிநாராயணன்னு யாருமே இல்லியாம்" என்கிறார் வலியுல்லா. 'அத்திம்பேர்' என்று ஒரே பெயரில் இருவரைப் போட்டேனே, புரோகிராம் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டது போலிருக்கிறது. அப்படியானால் இதை நான் யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இப்போதுதான் அம்மா காபி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, கதவோரம் ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"காபி கொண்டுவந்திருக்கேன், மாமா."