கத்திக்குப் போன தாய்மாமன் பெயர்

நடந்தது இதுதான்:

1. தம்பி கல்யாணப் பத்திரிகையை நானே வடிவமைப்பேன் என்றேன்.
2. யாரும் கேட்கவில்லை.
3. ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது.
4. ஒன்றில்கூடத் தாய்மாமன் பெயர் இல்லை.

காரணம் பொறாமை. சித்தி மகள் ஜெனிஃபர் படித்தது வரலாறு. நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் (முதல் வகுப்பு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்). ஆனால் அவள் தன் அண்ணனுக்குச் செய்த பத்திரிகையைக் குடவாசல் முழுக்கப் புகழ்ந்தார்கள். ஒரு வீட்டில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டியிருந்தார்கள். அந்த வீடு எங்கள் வீடு.

என் பத்திரிகையில் ஓரம்வரை பச்சை வயல். படம் பெரிதாகிவிட்டதால் ஆரோக்கியசாமி மாமாவின் பெயரை அடி ஓரத்தில் நெருக்கி வைத்தேன். பிடிஎஃப்பாக இறக்கும்போது, டிசைன் ஆப் 'ஸ்டாண்டர்டா, பிரிண்ட்டா?' என்று கேட்டது. ஜெனிஃபர் முன்பே சொல்லியிருந்தாள்: "பிரஸ்ஸுக்குன்னா பிரிண்ட்டுதான்க்கா. ஓரத்துல பிளீட் விடணும், வெட்டுறதுக்குன்னு படம் கொஞ்சம் வெளிய நீண்டிருக்கணும்." அவள் சொல்லி நான் கேட்பதா? ஸ்டாண்டர்டை அழுத்தினேன்.

கும்பகோணம் பிரஸ்காரர் போன் செய்தார். "மேடம், வெட்டுறதுக்கு ஓரத்துல இடமே விடலையே. பிளீட் வெச்சு வேற ஃபைல் தர்றீங்களா? இல்ல, நாங்களே கொஞ்சம் பெருசாக்கிக்கவா?"

வேறு ஃபைல் என்றால் ஜெனிஃபரைக் கேட்க வேண்டும். "பெருசாக்கிக்குங்க" என்றேன். பெரிதாக்கினால் ஓரத்தில் இருப்பது வெளியே தள்ளப்படும், அங்கேதான் கத்தி இறங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை (முதல் வகுப்பு).

கட்டைப் பிரித்த அம்மா, "அண்ணன் பேரு எங்கடி?" என்றார்.

"ஸ்டிக்கர் ஒட்டிடலாம்மா."

"எங்கண்ணன் என்ன ஷாம்பு பாட்டில் விலையா, மேல ஒட்டுறதுக்கு?"

அதற்குள் அப்பா முதல் பத்திரிகையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். குத்தாலத்திலிருந்து மாமா அழைத்தார்.

"ஏம்மா இன்ஜினியரு, வரப்போட பக்கத்தைச் செதுக்கி அண்டை வெட்டுறவன்கூட அடுத்தவன் வயலை விட்டுட்டுத்தான் வெட்டுவான். நீ ஆளையே சேத்து வெட்டிட்டியே! பேரே இல்லாதவன் எந்த உரிமையில வந்து மாலை போடுறது?"

போனை வைத்துவிட்டார். மாமா மாலை போடாமல் மாப்பிள்ளை வீட்டைவிட்டு இறங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. தம்பி என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலாம்.

ஜெனிஃபரை அழைத்தேன்.

"பிரிண்ட்டுதானேக்கா போட்ட?"

"ஸ்டாண்டர்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "சரி, டிசைன அனுப்பு" என்றாள். நான் அரை டம்ளர் காபி குடிப்பதற்குள் சரியான ஃபைல் வந்துவிட்டது: நான்கு பக்கமும் வயல் வெளியே நீண்டிருந்தது, மாமா பெயர் ஓரத்திலிருந்து விலகி நடுவில் வசதியாக உட்கார்ந்திருந்தது.

மறுபடி அச்சடித்த முதல் பத்திரிகையோடு குத்தாலம் போனேன். மாமா தன் பெயர்மேல் விரல் வைத்துப் படித்தார். பிறகு ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"இதை யாரு செஞ்சது?"

"ஜெனிஃபர்."

"அதான பாத்தேன்" என்றவர், உள்ளே திரும்பி அத்தையிடம், "மாலைக்குச் சொல்லிடு" என்றார்.

மாமா வந்தார், மாலை போட்டார், தம்பி கல்யாணம் நடந்தது. இப்போதும் எந்த வீட்டுப் பத்திரிகை வந்தாலும் மாமா முதலில் அடி ஓரத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம இன்ஜினியரு வெட்டினதில்லையே?" என்பார். குடும்பப் பத்திரிகைகள் எல்லாம் ஜெனிஃபர்தான் செய்கிறாள். உறைமேல் முகவரி எழுதும் வேலை எனக்கு.