மதிப்பிற்குரிய மரங்கொத்தி அவர்களுக்கு

"நான் ஒன்றும் வேலைவெட்டி இல்லாத ஆள் இல்லை" என்று பதில் வந்திருந்தது.

கடிதக்காரர் அதை மூன்று முறை படித்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காம் முறையும் படித்தார். அவர் அனுப்பிய கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. 'தாங்கள் மேற்கொண்ட அரிய உழைப்புக்கு எங்கள் மனமார்ந்த நன்றி' என்றுதான் எழுதியிருந்தார். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தை அந்த அறையில் பேசப்பட்டது என்னவோ உண்மை. சொன்னவர் மேலாளர். "வேலைவெட்டி இல்லாத ஆளுக்கு எதுக்குங்க இத்தனை மரியாதை?" என்று அலுத்துக்கொண்டேதான் அந்த அம்மாள் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்லக் கடிதக்காரர் தட்டினார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து வரி வரியாக அதை மரியாதைப்படுத்தினார்கள். வேறு யாரும் அங்கே இல்லை.

விஷயம் சின்னதில்லை. அது கடிதமும் சான்றிதழும் எழுதுவதற்கான மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் அதைத்தான் பயன்படுத்தின. அதில் ஒரு பழுது இருப்பதை 'மரங்கொத்தி' என்ற புனைபெயரில் யாரோ கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். இந்தத் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. கண்டுபிடித்தவர் முதலில் நிறுவனத்துக்கு மட்டும் சொல்வார். தொண்ணூறு நாள் வாயைத் திறக்க மாட்டார். அதற்குள் நிறுவனம் பழுதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஊருக்குச் சொல்வார்கள். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஒருவர் பேச்சை ஒருவர் நம்புவதில்தான் எல்லாம் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிகிறது. வேலை முடிய இன்னும் இரண்டு வாரம் ஆகும். 'கூட நாள் வேண்டுமென்றால் மரியாதையாகக் கேளுங்கள், தருகிறேன்' என்று மரங்கொத்தி முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தார். அந்த மரியாதையைத் தயாரிக்கும் பொறுப்புத்தான் கடிதக்காரருடையது. நிறுவனத்தின் கடிதங்களை எழுதியே இருபது வருஷம் ஓட்டியவர். அவருடைய பெயரைச் சொல்லி அலுவலகத்தில் யாரும் கூப்பிட்டதில்லை.

பழுது என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரியக்கூடாது. கூடத்தின் கோடியில் பழுது அறை இருந்தது. அதற்குள் மூன்று பேர் மட்டும் போகலாம். ஒருநாள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்த பொறியாளர் பெண்ணிடம் அவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"அப்படி என்னதாம்மா பழுது?"

"சொல்லக்கூடாது சார். நோயாளிங்க விஷயம் வெளியே தெரிஞ்சுடும், அவ்வளவுதான் சொல்லலாம். நீங்க எழுதற கடிதத்தை நாங்க பார்க்கக்கூடாது, எங்க பழுதை நீங்க பார்க்கக்கூடாது. தலைமை உத்தரவு."

ரகசியம் காப்பதில் அந்த நிறுவனத்தை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

சரி, முதல் கடிதம் எப்படியோ கோணிவிட்டது, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கடிதக்காரர் சொன்னார். மன்னிப்பு என்றதும் மேலாளர் வக்கீலைக் கூப்பிட்டார்.

வக்கீல் வந்ததும் திரையைப் பார்த்தார். "மன்னிப்புன்னு போட்டா தப்பு நம்மதுன்னு ஆயிடும். எடுங்க."

"வருந்துகிறோம்னு போடலாமா சார்?"

"எதுக்கு வருந்தறோம்னு கேட்பாங்க. எடுங்க."

"வருத்தம் ஏற்பட்டிருந்தால்…"

"ஏற்பட்டிருக்கக்கூடுமாயின்னு போடுங்க. அப்படியே கீழே, 'அவசரப்பட்டு வெளியிட்டால் நீதிமன்றத்தில் சந்திப்போம்'னு ஒரு வரி சேருங்க. கொஞ்சம் பயம் இருக்கட்டும்."

கடிதக்காரர் அதையும் சேர்த்தார். சேர்த்துவிட்டுக் கையைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார். "வேணாம் சார். உதவி பண்ண வந்தவங்களைப் போய் மிரட்டற மாதிரி ஆயிடும்." அரை மணி நேரம் வாதாடி அந்த வரியை எடுக்க வைத்தார். செவ்வாய்க்கிழமை மதியம், யாருக்கும் எதுவும் ஏற்பட்டிருக்கக்கூடுமாயின் அது கவனத்தில் கொள்ளப்படும் என்ற கடிதம் போயிற்று.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது.

'நீதிமன்றத்துக்கு வர எனக்குப் பயமில்லை. மன்னிப்பு என்ற ஒரு சொல்லைச் சொல்ல உங்களுக்கு ஏன் இத்தனை கஷ்டம்? இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த நேரத்தில் உங்கள் பழுதைக் கண்டுபிடித்தேன். உங்களிடம் ஒரு காசு கேட்கவில்லை.'

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இங்க பேசறது வெளியே போகுது."

அன்று முதல் அந்த அறை ராணுவ முகாம் ஆயிற்று. கைப்பேசிகள் மூன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடைக்கப்பட்டு வெளியே வைக்கப்பட்டன. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள், சத்தம் பேச்சை மறைக்கட்டும் என்று. மேசையின் காகிதங்கள் எல்லாம் பறந்தன. ஜன்னலோரத் தொட்டிச்செடியை வக்கீல் வேரோடு தூக்கிப் பார்த்தார். மண்ணுக்குள் மண்தான் இருந்தது. பதினைந்து வருஷமாக அறையைப் பெருக்கும் அம்மாவை மேலாளர் நிற்க வைத்து, யாரிடமாவது ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். கடிதக்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

புதன்கிழமைக் கடிதத்தை மூவரும் கிசுகிசுத்தே எழுதினார்கள். 'ஐயா' என்று தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் பெண்ணாகத்தான் இருக்கும் என்று வக்கீல் சொன்னதால் 'அம்மா' ஆக்கினார்கள். "ஏன், அப்பா அனுப்ப மாட்டாரா?" என்று கடிதக்காரர் கேட்டதால் அதையும் எடுத்தார்கள்.

"இதுங்களுக்கெல்லாம் எதைப் போட்டா என்ன?" என்று மேலாளர் பல்லைக் கடித்தார். சொல்வதையெல்லாம் தட்டிப் பழகிய கடிதக்காரரின் விரல் அதையும் தட்டிற்று. உடனே அவரே பதறி நீக்கினார். கடைசியில் 'மதிப்பிற்குரிய மரங்கொத்தி அவர்களுக்கு' என்று வைத்தார்கள்.

பதில் இரண்டே வரி.

'நான் ஐயாவா அம்மாவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 'இதுங்க' என்று சொல்லாமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் வெளியிடுகிறேன்.'

மேலாளர் மின்விசிறியை நிறுத்தினார். காகிதங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன.

"ரூம்ல மூணு பேர். நான் சொல்லலை. வக்கீல் சார் சொல்லலை."

கடிதக்காரருக்கு அது புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், இருபது வருஷம்…"

"நாளைக்கு நீங்க தனியா உட்கார்ந்து எழுதுங்க. நாங்க யாரும் வர மாட்டோம். வெள்ளிக்கிழமை அது வெளியே வந்துச்சுன்னா, திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம்."

வேலை போவது ஒரு பக்கம். அவரைத் தின்றது வேறு கவலை. வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவைப் பார்க்கப் போனார். அக்காவுக்கு நான்கு மாதமாக ஆஸ்பத்திரியும் வீடும்தான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"லீவ் லெட்டர் குடுத்தாச்சாக்கா?"

"டாக்டரே ஆபீசுக்கு அனுப்பிட்டார்டா. என்ன வியாதின்னு எழுதினதை மட்டும் எடுத்துடுங்கன்னு கேட்டுக்கிட்டேன், எடுத்துட்டார். தெரிஞ்சா எல்லாரும் பாவமா பார்ப்பாங்க. அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது. உடம்பு வலிய தாங்கிப்பேன்."

லீவ் லெட்டரில் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியின் வேறு கடிதங்களில் அக்காவின் வியாதி இருக்கும்; அந்த ஆஸ்பத்திரியும் அவர்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்தியது. வெள்ளிக்கிழமை பழுது ஊருக்குத் தெரிந்தால், நினைத்தவன் நினைத்த கடிதத்துக்குள் எட்டிப் பார்ப்பான். எப்படி என்று அவருக்குத் தெரியாது. பார்ப்பான் என்று மட்டும் தெரியும். அதை அக்காவிடம் சொல்லவும் முடியாது. வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

வியாழக்கிழமை காலை அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

'மரங்கொத்தி, வேலைவெட்டி இல்லாதவர் என்று சொன்னது நாங்கள்தான். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னோம். 'இதுங்க' என்றும் சொன்னோம். சொன்னது வேறொருவர்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேனே, அதனால் நான் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்களுக்குச் செய்தது உதவி. அதை உதவி என்று ஒப்புக்கொள்ள எங்களுக்கு மனசு வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள். என் அக்காவின் வியாதி எங்கள் மென்பொருளில் எழுதிய ஆஸ்பத்திரிக் கடிதங்களில் ஒன்றில் இருக்கிறது. அவள் யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறாள். இரண்டு வாரம் பொறுங்கள். எங்களுக்காக வேண்டாம்.'

படித்துப் பார்த்தார். கண் கலங்கிற்று. கூடவே வக்கீலின் முகமும் நினைவுக்கு வந்தது. இதை அனுப்பினால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே வீட்டுக்குப் போகலாம். அக்காவின் மருந்துச் செலவையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு விட்டு, மொத்தத்தையும் அழித்தார். அழித்த இடத்தில் இருபது வருஷப் பழக்கம் தானாகவே தட்டிக்கொண்டு போயிற்று.

'மதிப்பிற்குரிய மரங்கொத்தி அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது. இரண்டு வார கால அவகாசம் கோரப்படுகிறது. இப்படிக்கு.'

அனுப்பிவிட்டு மேசையிலிருந்த தன் பொருள்களை ஒரு பைக்குள் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. மேலாளர்தான் உரக்கப் படித்தார்.

'இரண்டு வாரம் என்ன, வேலை முடியும்வரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர்களுக்கு நானும் உதவுகிறேன். எத்தனையோ நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு இப்படி ஒரு கடிதம் யாரும் எழுதியதில்லை.'

வக்கீல் முந்தைய நாள் போன கடிதத்தின் நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோரப்படுகிறது! யாரு கோரறாங்கன்னே இல்லை பாருங்க. இதுதான் வேலை செஞ்சிருக்கு. இனிமே எல்லாக் கடிதமும் இதே மாதிரி போகணும்."

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று மேலாளர் கடிதக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரையை மறுபடி பார்த்தார். "கீழே இன்னும் ஒரு வரி இருக்கு. 'அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள், அவர் விஷயம் என்னோடு இருக்கும்.' யாருங்க அக்கா?"

கடிதக்காரர் எட்டித் திரையில் அந்த வரியைத் தானே படித்தார். அக்காவைப் பற்றி அந்த அலுவலகத்தில் ஒருவரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

அப்போது பழுது அறையிலிருந்து பொறியாளர் பெண் வந்தாள். மரங்கொத்தியும் சேர்ந்துகொள்வதால், கடிதங்களை இனிப் பொறியாளருக்கும் காட்டலாம் என்று பதிலைப் பார்த்ததுமே தலைமை உத்தரவிட்டிருந்தது. நான்கு கடிதங்களையும் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"இதையெல்லாம் நம்ம மென்பொருள்லயேவா சார் எழுதினீங்க?"

"பின்னே? வேற எதுல எழுதுவோம்?"

"ஐயோ சார், இதுல எழுதி அழிச்சது எதுவும் அழியறதில்லை, கடிதம் கிடைச்சவங்க எல்லாத்தையும் படிக்கலாம், மரங்கொத்தி கண்டுபிடிச்ச பழுதே அதுதானே!"