சும்மா படுத்திருந்த குற்றம்

"பச்சைத் தண்ணி பல்லுல படலை டாக்டர்," என்றார் டிக்கெட் பரிசோதகர், கட்டிலடியில் செருப்பைத் துழாவியபடி.

வேலையிலிருந்த காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவர். அன்று அவர்கள் முழித்த முழி இன்று அவர் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

வயதானவர்கள் சும்மா படுத்திருந்தால் உடம்பு எவ்வளவு சக்தியை எரிக்கிறது, அது நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி. வெறும் வயிற்றோடு காலையில் வர வேண்டும். தலைக்கு மேல் கண்ணாடிக் கூண்டைக் கவிழ்ப்பார்கள். அரைமணி நேரம் அசையவும் கூடாது, தூங்கவும் கூடாது. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஜன்னலோரமாக ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒன்று, கணவனும் மனைவியும். டாக்டர் பக்கத்து அறையில் கம்ப்யூட்டரோடு இருப்பார்; எந்தக் கட்டில் யாருக்கு என்று முதலிலேயே பதிந்துவைத்திருந்தார், எண்கள் அதில் வந்து விழும். முதல் நாள் குளிர்காற்று மூஞ்சியில் அடிக்கிறதென்று மனைவி முணுமுணுத்ததும், ஆயா வந்து சரிசெய்ததும் தவிர, ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் இப்போதுதான்.

"கொஞ்சம் ஏறும், இறங்கும். அது இயற்கை," என்றார் டாக்டர். "ஆனா உங்களுது தறிகெட்டு ஓடுது. வயித்துக்குள்ள ஏதாவது போனாத்தான் இப்படி எகிறும். அம்மாவுதைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற மனைவி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்கு டாக்டர். அது எல்லாருக்கும் வராது."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குப் பூட்டு விழுந்தது. சாவி அவள் இடுப்பில்.

அடுத்த முறை எண் இன்னும் ஏறியது. கள்ளச்சாவி போட்டிருக்கிறாரா என்று அவர் சட்டைப்பையெல்லாம் சோதனை நடந்தது. பிறகு சமையலறைக்குள்ளேயே பாயை விரித்துக் காவல் படுத்தாள் டீச்சரம்மா. அதற்கடுத்த முறை எண் கூரையைத் தொட்டது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா, ஐயாவை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவேன்," என்றார் டாக்டர்.

"எடுத்துட்டா, ஆயுசுக்கும் சாவி எங்கிட்டதான்," என்றாள் மனைவி. "சாயங்கால பிஸ்கட்டையும் மறந்துடுங்க."

பிஸ்கட் போனால் போகட்டும். திருடன் பட்டத்தோடு எப்படிக் காலம் தள்ளுவது? அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறோமோ?

"இந்தாம்மா, என்னை ரூமுக்குள்ள வச்சு வெளியே தாழ்ப்பாள் போட்டுடு," என்றார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேன்," என்றாள் அவள். சந்தோஷமாகத் தாழிட்டாள்.

மறுநாள் கண்ணாடிக் கூண்டுக்குள் செத்த பிணம்போலக் கிடந்தார். எச்சிலை விழுங்கக்கூட யோசித்தார். முடிந்ததும் டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"இதுவரைக்கும் இவ்வளவு ஏறினதே இல்லை. மன்னிக்கணும் ஐயா, உங்களை எடுத்துடறேன்."

"ரூமைப் பூட்டியே வச்சிருந்தேன் டாக்டர். ஜன்னல் வழியா போயிருக்காரு பாருங்க, இந்த வயசுல," என்றாள் மனைவி.

எத்தனையோ பேர் "நான் டிக்கெட் எடுத்தேன் சார்" என்று அழுததை நம்பாமல் இறக்கிவிட்ட பாவம்தான் இப்படித் துரத்துகிறதென்று அவருக்குத் தோன்றியது.

"ஆயா, ஜன்னலோரக் கட்டிலை எடுத்துப் போட்டுடுங்க," என்றார் டாக்டர். "ஐயா இனிமே வரமாட்டாரு."

அந்தக் கட்டிலின் விரிப்பை உதறிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள்.

"ஜன்னலோரத்துல ஐயா எங்கே படுத்தாரு? அந்தப் பக்கம் குளிர்காத்து அடிக்குதுன்னு முதல் நாளே அம்மாவை இங்கேயும் ஐயாவை அங்கேயும் மாத்திவிட்டேனே. அன்னையிலேர்ந்து இந்த விரிப்புலதான் தினமும் பிஸ்கட் தூளைத் தட்டிக்கிட்டிருக்கேன்."