நாற்பத்தைந்தாவது பூஜ்யம்

உலக வரலாற்றில் வெறுப்பை அடியோடு ஒழித்த ஊர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அமெரிக்காவிலுள்ள ஓக்ஹேவன் என்னும் அச்சிற்றூரில் அப்பெரும்பணியை முடித்தவர் காவல் நிலையச் சார்ஜென்ட் வர்ஜில் டாசன். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை, பேனாவாலேயே ஒழித்தார்.

தற்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரை அவர்கள் அவ்வாறு இருப்பதற்காகவே தாக்குவோருக்குக் கூடுதல் தண்டனை என்று சட்டம் வந்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து படிவம் ஒன்று வரும். ‘வெறுப்புக் குற்றங்கள் எத்தனை?’ என்று அது வினவும். சார்ஜென்ட் பூஜ்யம் என்று எழுதுவார். பதினோர் ஆண்டுகளில் நாற்பத்து நான்கு பூஜ்யங்கள். அவ்வாரச் சனிக்கிழமையன்று, ‘வெறுப்பற்ற ஊர்’ என்னும் பலகையை மேயர் திறந்துவைக்கவிருந்தார்.

வியாழக்கிழமை, நாற்பத்தைந்தாவது படிவம் மேசைமேல் கிடந்தபோது, இரும்புச் சாமான் கடை லெஸ்டர் பிங்கம் உள்ளே வந்தார். வலக்கையில் மாவுக்கட்டு. உடன் வந்தவர் அவருடைய கணவர் ஓவன். கையை உடைத்த கோடி ரஸ்க், விலங்கு பூண்டு மூலை பெஞ்சில் ஏற்கெனவே அமர்ந்திருந்தான்.

“வர்ஜில், என் புகார்ல காரணம்ங்கிற இடத்துல என்ன எழுதியிருக்க?” என்றார் லெஸ்டர்.

“வண்டி நிறுத்துறதுல தகராறு.”

“அவன்கிட்ட வண்டியே கிடையாதேப்பா!”

“அதான், பொறாமை.”

பெஞ்சிலிருந்த கோடிக்கே பொறுக்கவில்லை. “சார், நான் சொல்றத எழுதுங்க. நடுத்தெருவுல ஆம்பளையும் ஆம்பளையும் கைகோத்துட்டுப் போனாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பேஸ்பால் மட்டைய எடுத்தேன், போட்டேன். எதுக்கு அடிக்கிறேன்னு கத்திக்கிட்டேதான் அடிச்சேன். ஊரே கேட்டுச்சு!”

“அவசரப்படாத தம்பி. அன்னிக்கு வெயில் ஜாஸ்தி. தண்ணி குடிச்சியா?”

“இல்ல.”

“பாத்தியா? நாக்கு வறண்டா மனுஷன் என்னென்னமோ கத்துவான்.”

“வர்ஜில்,” என்றார் லெஸ்டர். “அந்தப் படிவத்துக் கட்டத்துல வெறுப்புக் குற்றம்னு ஒரே ஒரு கோடு போடு. போட்டா இவன் உள்ள இருப்பான். போடலைன்னா வெறும் தகராறுன்னு நாளைக்கே வெளிய வந்துருவான். எங்க வீட்டுக்கு எதிர்வீடு இவனுது.”

“நாம ஒண்ணாப் படிச்சவங்க லெஸ்டர். உன் பேர அந்த மாதிரி ஒரு பட்டியல்ல சேத்து அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரல.”

ஓவன் மேசையில் கையூன்றினார். “அடிபட்டவர் ஒத்துக்கிறார். அடிச்சவனும் ஒத்துக்கிறான். ஒத்துக்காத ஒரே ஆளு நீங்கதான், சார்ஜென்ட்.”

“பின்ன? மூணு பேர்ல ஒருத்தனாவது நடுநிலையா இருக்க வேணாமா?”

கட்டம் சுண்டுவிரல் நகத்தளவே இருந்தது. சார்ஜென்டின் பேனா அதன்மேல் ஒரு கணம் தயங்கியது என்பதை நேர்மையுடன் பதிவு செய்தாக வேண்டும். லெஸ்டரின் விரல்கள் கட்டுக்கு வெளியே நீலம் பூத்து வீங்கியிருந்ததை அவர் கண்டார். சனிக்கிழமையையும் எண்ணினார். பின்னர், இதுவரை எழுதிய அனைத்தினும் அழகிய பூஜ்யம் ஒன்றை எழுதினார்.

மறுநாட்காலை கோடி விடுதலையானான். மாலையில் எதிர்வீட்டு வாசலில் நாற்காலியிட்டு, மட்டையை மடிமீது வைத்துக்கொண்டு அமர்ந்தான். நாள்தோறும் அமர்ந்தான். அமர்ந்திருப்பது குற்றமாகாது என்று சார்ஜென்ட் சட்டநூலைப் பார்த்து உறுதிசெய்தார்.

மூன்றாம் வாரம் லெஸ்டர் வீட்டின்முன் லாரி ஒன்று நின்றது. கட்டிலும் மேசையும் ஏறும்வரை சார்ஜென்ட் தாமே தெருவில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். கடமை முடிந்ததும், உண்மையான வருத்தத்தோடு கேட்டார்:

“ஒரு வெறுப்பு கிடையாது, வம்பு கிடையாது. இப்படியொரு ஊர விட்டுட்டு எதுக்குப் போறீங்க?”

ஓவன் லாரியின் கதவைச் சாத்தினார்.

“எங்களக் கழிச்சாத்தான உங்களுக்குப் பூஜ்யம் வருது, சார்ஜென்ட்.”

சார்ஜென்ட் மனத்துக்குள் அக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தார். விடை சரியாகவே வந்தது.